தீர்மான நோட்டில் ஏறாதது

சில வருடங்களாக ஒரு புகைப்படம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2020 அக்டோபரில் செய்தித்தாள்களில் வந்தது. கடலூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சியின் கூட்டம். மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஆதிதிராவிடர் சமூகத்துப் பெண். படம் பரவியது, வழக்குப் பதிந்தார்கள், ஊராட்சிச் செயலரைப் பணியிடைநீக்கம் செய்தார்கள், கண்டன அறிக்கைகள் வந்தன, பிறகு எல்லாரும் வேறு செய்திக்குப் போய்விட்டோம். வன்கொடுமை என்றால் நம் மனம் உடனே ஒரு கூச்சலையும் கைகலப்பையும் சேர்த்துக்கொள்கிறது. இந்தப் படத்தில் அப்படி எதுவும் இல்லை. கூட்டம் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது. அந்தச் சகஜம்தான் என்னை விட மறுக்கிறது. இப்படியான கூட்டங்கள் முடிந்ததும் தீர்மான நோட்டைத் திறந்து என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும்: தெருவிளக்குப் பராமரிப்பு, குடிநீர்க் குழாய் பழுது, வாய்க்கால் தூர்வாருதல். ஒவ்வொன்றின் கீழும் ‘மன்றம் ஏகமனதாக அங்கீகரிக்கிறது’ என்று ஒரு வரி. அடியில் தலைவரின் கையெழுத்து, வட்ட முத்திரை. தணிக்கைக்கு வருகிறவர் புரட்டிப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. வருகை சரி, தேதி சரி, தொகை சரி. யார் எதன்மேல் உட்கார்ந்திருந்தார் என்று எழுத அந்த நோட்டில் பத்தி கிடையாது.

அப்படி எழுதப்பட்ட தீர்மானம் செல்லுமா என்று வக்கீல் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். ‘ஏன் செல்லாது?’ என்றார். கேள்வியே அவருக்குப் பிடிபடவில்லை. சட்டப்படி அவர் சொல்வது சரி. கூட்ட அறிவிப்பு போயிருக்கிறது, போதுமான உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள், தலைவர் தலைமை வகித்திருக்கிறார். தலைவர் நாற்காலியில்தான் இருக்க வேண்டும் என்று 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் சொல்லவில்லை. தரையில் உட்காருவதில் கேவலமும் இல்லை. ஜமக்காளத்தை விரித்து எல்லாரும் உட்கார்ந்து பேசியிருந்தால் அது அழகான கூட்டம். ஆனாலும் அந்த அறையில் ஆட்சி என்ற ஒன்று நடந்ததா என்ற சந்தேகம் எனக்குத் தீரவில்லை. ஒருவர் சொல்வதை இன்னொருவர் பயந்து கேட்கலாம், ஆதாயத்துக்காகக் கேட்கலாம். இதைச் சொல்ல இவருக்கு உரிமை இருக்கிறது, நானே கொடுத்த உரிமை என்று நினைத்தும் கேட்கலாம். இந்த மூன்றாவதை நம்பித்தான் வாக்குச்சீட்டு அச்சடிக்கிறோம். அது இல்லாத இடத்தில் கையெழுத்து தலைவருடையதாக இருக்கும், முடிவு வேறு யாருடையதாகவோ இருக்கும். சரி, அந்த முடிவால் குழாயில் தண்ணீர் வந்தால்? அதைக் குடிக்காதே என்று எவர் சொல்ல முடியும்? தேனிப் பக்கம் ஆங்கிலப் பொறியாளர் பென்னிகுக்கின் படத்தை வீட்டில் மாட்டி வைத்திருக்கிறார்கள். 1895இல் அவர் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரில்தான் அந்தப் பக்கத்து நெல் விளைகிறது. அந்த நன்றியில் குறை காண எனக்கு மனமில்லை. அதற்காக நம்மை ஆளும் உரிமை அன்றைய ஆங்கில அரசுக்கு இருந்தது என்று ஆகிவிடாது. நன்மை செய்வதும் ஆளும் உரிமையும் ஒரே வீட்டில் பிறந்தவை அல்ல. இவ்வளவு எளிய விஷயத்தை நாம் அடிக்கடி மறப்பதற்குக் காரணம், ரோடு வந்ததா, விளக்கு எரிகிறதா என்று மட்டுமே கேட்கப் பழகிவிட்டதுதான்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் என்ற பெயர்களை ஒரு தலைமுறை மனப்பாடமாக அறியும். முதல் மூன்றும் மதுரை மாவட்டம், கடைசி விருதுநகர். 1996இல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. அதற்குப் பிறகு பத்து ஆண்டுகள் தேர்தல் அறிவிப்பதும் அது வீணாவதுமாகவே போயிற்று. ஒருமுறை யாரும் வேட்புமனு போட மாட்டார்கள். மறுமுறை ஊரே ஒருவரை நிறுத்தும், அவர் ஜெயிப்பார், உறுதிமொழி எடுத்த கையோடு ராஜினாமாக் கடிதத்தை நீட்டுவார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒருவிதக் குளிர் ஏறும். கொலையும் கொள்ளையும் சட்டத்தை உடைக்கின்றன. இவர்கள் எதையும் உடைக்கவில்லை. மனு போடாமல் இருக்க யாருக்கும் உரிமை உண்டு. ராஜினாமா செய்யவும் உரிமை உண்டு. வேட்பாளர் இருந்தார், வாக்குப்பெட்டி இருந்தது, வரிசை இருந்தது, எண்ணிக்கை இருந்தது, சான்றிதழ் இருந்தது. ஜனநாயகத்தின் சாமான்கள் அத்தனையும் பழுதில்லாமல் அந்த ஊர்களுக்குள் கொண்டுபோய் இறக்கப்பட்டன. உள்ளே ஆட்சி மட்டும் இல்லை. நடைமுறையைச் சரியாகக் கடைப்பிடித்தாலே மக்களாட்சி வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் அந்தப் பத்து ஆண்டுகளைப் பற்றி ஒரு தரம் யோசிக்க வேண்டும். நம்முடைய அரசியல் நூல்களில் அதற்கு ஒரு தனி அத்தியாயம் இருந்திருக்க வேண்டும். செய்தித் துணுக்குகளாகவே நின்றுவிட்டது.

மேலவளவில் இந்த மௌன நாடகம்கூட நடக்கவில்லை. மதுரை மாவட்டம் மேலூருக்குப் பக்கத்து ஊர். அங்கும் 1996இல் தலைவர் பதவி ஒதுக்கப்பட்டது. மனுக்கள் திரும்பப் பெறப்பட்டன, தேர்தல் தள்ளிப்போயிற்று, வாக்குப்பெட்டிகள் தூக்கிச் செல்லப்பட்டன, கடைசியில் போலீஸ் காவலோடு நடந்த வாக்குப்பதிவில் முருகேசன் ஜெயித்தார். 1997 ஜூன் 30 அன்று ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்த அவரையும் உடனிருந்தவர்களையும் வழிமறித்து வெட்டிக் கொன்றார்கள். முருகேசன் மனு போட்டபோது அவருக்கு என்ன நடக்கக்கூடும் என்பது தெரியாமல் இருந்திருக்க முடியாது. அப்படியும் போட்டார். பரஸ்பர மரியாதை என்று பேசும்போது நாம் எப்போதும் மறுத்தவர்களைப் பற்றியே பேசுகிறோம், ஏன் கொடுக்கவில்லை, எப்படிக் கொடுக்க வைப்பது என்று. கொடுத்தவர்களை மறந்துவிடுகிறோம். தன்னை மனிதனாக மதிக்காத ஊரை அவர் தன் ஊராக மதித்தார், அதன் தெருவிளக்குக்கும் குழாய்க்கும் பொறுப்பேற்க முன்வந்தார், அந்த ஊர்க்காரர்களின் வாக்கில் தனக்குச் சம்பந்தம் உண்டு என்று நம்பினார். இந்த ஒருதலை மரியாதையின் மேல்தான் நம் கிராமத்து மக்களாட்சி இத்தனை காலம் ஓடியிருக்கிறது. அதை அவமதிக்கப்பட்டவர்களிடம் கேட்பதற்கு மற்றவர்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பது எனக்கு விளங்காத கேள்வி.

இங்கே யாராவது உத்திரமேரூரைக் கொண்டுவருவார்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921, குடவோலை முறை, உலகத்துக்கே நாம்தான் கற்றுக்கொடுத்தோம். எனக்கும் அந்தக் கோயில் சுவரின் முன்னால் நின்று பெருமைப்படப் பிடிக்கும். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி நிற்கக் கூடாது என்ற விதியைப் படித்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அந்தச் சுவரே சொல்கிறது, குடத்தில் யார் பெயர் விழலாம் என்று: சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும், கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும், வயது 35க்கும் 70க்கும் நடுவில், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது சதுர்வேதிமங்கலம், பிராமணர் சபை. ஒரே தெரு, ஒரே சாப்பாடு, ஒரே மந்திரம் உள்ளவர்கள் ஒருவரையொருவர் மதித்துக்கொண்டார்கள். அதில் அதிசயம் எதுவும் இல்லை. நம் சாதிச் சங்கங்களும் தங்களுக்குள் ஒழுங்காகத் தேர்தல் நடத்துகின்றன, கணக்கு வாசிக்கின்றன, தோற்றவருக்கும் மாலை போடுகின்றன. தன்னைப்போல் இருப்பவனை மதிக்க எந்தச் சட்டமும் தேவைப்பட்டதில்லை. சிரமம் எங்கே தொடங்குகிறது என்றால், குடத்துக்குள் கை விட்டு எடுத்த ஓலையில், நேற்றுவரை நம் களத்துமேட்டில் ஒதுங்கி நின்றவரின் பெயர் இருக்கும்போது.

ஓர் ஊராட்சித் துணைத்தலைவரோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஊரையும் அவரையும் சொல்லப்போவதில்லை. முரடர் அல்ல, வந்தவுடன் மோர் கொடுக்கச் சொன்னார், மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். தலைவரைப் பற்றிக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ‘தம்பி, அவரு நல்ல மனுசன், நான் குறை சொல்லல. ஆனா அவுக அப்பா எங்க அப்பா முன்னால நின்னு பேசுனவரு. இன்னைக்கு நான் போயி அவரு மேசைக்கு முன்னால நின்னா, ஊருக்குள்ள எனக்கு என்னதான் மிச்சம்?’ இந்தப் பேச்சைக் கேட்டு ஆத்திரப்படுவது சுலபம். ஆத்திரம் தணிந்த பிறகு யோசித்தால், அவர் உண்மையிலேயே எதையோ இழப்பதாக உணர்கிறார் என்று தெரிகிறது. அவருடைய கணக்கில் மரியாதை என்பது அளவு குறித்த சொத்து. அடுத்தவனுக்கு ஒரு பங்கு போனால் தன் பங்கில் அவ்வளவு குறையும். இந்தக் கணக்கை அவர் வானத்திலிருந்து பெறவில்லை. கோயிலில் யாருக்கு முதலில் பரிவட்டம், யாருக்கு அடுத்து, யார் வடத்தைத் தொடலாம், யார் தள்ளி நிற்க வேண்டும் என்று வரிசை போட்டே வளர்ந்த மனது. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர் வடத்தை யார் இழுப்பது என்ற தகராறில் தேர் வருடக்கணக்கில் நிலையிலேயே நின்றது. நீதிமன்றம் தலையிட்டு, போலீஸைக் குவித்து, 2024 ஜூனில்தான் மறுபடி ஓடியது. தேர் ஓடாமல் நின்றாலும் பரவாயில்லை, வரிசை கலையக் கூடாது என்று ஓர் ஊரால் நினைக்க முடிகிறது என்றால், ஊராட்சி நடக்காமல் நின்றாலும் பரவாயில்லை என்று நினைக்க எவ்வளவு நேரமாகும்? மக்களாட்சி கேட்கும் மரியாதை இந்தக் கணக்கில் அடங்காது. அங்கே ஒருவருக்குக் கொடுத்ததால் மற்றவருக்குக் குறைவதில்லை. இதை அந்தத் துணைத்தலைவரிடம் சொல்லிப் பார்த்தேன். ‘படிச்சவுக சொல்றீக’ என்று சிரித்தார்.

அவருடைய தலைவரையும் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டியவர், வெள்ளைச் சட்டையை அன்று காலைதான் பெட்டி போட்டிருந்தார். ஊராட்சி அலுவலகத்தில் சுழல் நாற்காலி இருந்தது. அதன் முதுகில் பிளாஸ்டிக் உறை இன்னும் கிழிக்கப்படவில்லை. அவர் அதில் உட்கார்ந்த விதத்தைச் சொல்ல வேண்டும். நுனியில், முதுகு சாயாமல், இரண்டு பாதமும் தரையில் ஊன்றி, எழுந்துகொள்ளத் தயாராக. பேச்சின் நடுவில் வாசலில் நிழல் தட்டியது. யாரென்று பார்ப்பதற்கு முன்பே உடம்பு பாதி எழுந்துவிட்டது. வந்தது மின்வாரியத்துப் பையன். திரும்ப உட்கார்ந்து, தோளில் இருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேசினார். எழுந்தது அவருக்கே தெரிந்ததா என்று எனக்குச் சந்தேகம். இப்படியான வழக்குகளில் விசாரணைக்கு வரும் அதிகாரியிடம் பாதிக்கப்பட்டவரே ‘யாரும் சொல்லல சார், நானாத்தான் கீழ உக்காந்தேன்’ என்று சொல்லிவிடுவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். மிரட்டலால் சொல்வதும் உண்டு. மிரட்டல் தேவைப்படாத அளவுக்கு உடம்பு பழகிப்போய்ச் சொல்வதும் உண்டு. பெரியார் தன் இயக்கத்துக்குப் பெயர் வைத்தபோது எதை முன்னால் வைத்தார் என்பது இந்த இடத்தில் எனக்கு முக்கியமாகப்படுகிறது. 1925இல் காஞ்சிபுரம் மாநாட்டோடு காங்கிரசை விட்டு வந்தவர் சமத்துவ இயக்கம் என்றோ சகோதரத்துவ இயக்கம் என்றோ பெயர் வைத்திருக்கலாம். சுயமரியாதையைத்தான் முதலில் கேட்டார். அடுத்தவன் தருவான் என்று காத்திருக்கத் தேவையில்லாதது அது ஒன்றுதான். ஆனால் எழுந்துகொள்ளத் தயாராக இருந்த அந்தப் பாதங்களைப் பார்த்த பிறகு அதிலும் ஒரு தயக்கம் வருகிறது. சுற்றியிருப்பவர்கள் தினமும் பிடுங்கிக்கொண்டே இருக்கும்போது ஒரு தனி மனிதன் எவ்வளவு நாள் தன் மரியாதையைத் தானே உற்பத்தி செய்துகொண்டிருக்க முடியும்? நூறு ஆண்டுக்குப் பிறகும் அந்தப் பாரத்தை அதே ஆட்கள்தானே சுமக்கிறார்கள்?

மரியாதை வேண்டும் என்று எழுதும்போதே எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. நம் ஊரில் ‘மரியாதையாப் பேசு’ என்பது வாயடைக்கச் சொல்லும் வார்த்தை. கிராம சபையில் நூறு நாள் வேலைச் சம்பளம் ஏன் வரவில்லை என்று ஒரு அம்மா குரலை உயர்த்திக் கேட்பார். உடனே மைக்கைப் பிடித்திருப்பவர், ‘அதிகாரிங்க முன்னாடி இப்படியா பேசுறது, உக்காரும்மா’ என்பார். மேடையில் இருப்பவர் ‘சார்’, கீழே இருப்பவர் ‘ம்மா’. பணிவைக் குறையுள்ளவர்களிடம் மட்டும் எதிர்பார்க்கிற சபை அது. என்னைக் கேட்டால், கத்துகிற அந்த அம்மாதான் சபையை மதிக்கிறார். இங்கே கேட்டால் பதில் வரும் என்று நம்பி, ஒரு நாள் கூலியை விட்டு வந்திருக்கிறார். முந்தின நாள் ராத்திரியே கோயில் திண்ணையில் ஊர்க் கூட்டம் போட்டு எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, மறுநாள் சபையில் கையைக் கட்டிக்கொண்டு பதவிசாக உட்கார்ந்திருப்பவர்கள் மதிப்பது வேறு எதையோ. பாப்பாபட்டியின் ராஜினாமாக்கள் எழுதப்பட்டதும் திண்ணையில்தான், ஊராட்சி அலுவலகத்தில் அல்ல. பல ஊர்களில் தலைவர் பதவியையே ஏலம் விட்டுக் கோயில் கணக்கில் பணத்தைச் சேர்ப்பதும் அதே திண்ணையில்தான். ஏலம் விடுகிறவர்கள் ஒருவரோடொருவர் எவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள் தெரியுமா. சட்டமன்றமும் இதற்கு விலக்கல்ல. எதிரியைக்கூட ‘மாண்புமிகு’ சேர்க்காமல் கூப்பிட முடியாத அவை அது. 1989 மார்ச் 25 அன்று அந்த அவைக்குள் நடந்த அமளி நமக்குத் தெரியும். 2017 பிப்ரவரி 18 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் 122க்கு 11 என்று முடிவு அறிவிக்கப்பட்டபோது பிரதான எதிர்க்கட்சி அவைக் காவலர்களால் வெளியேற்றப்பட்டிருந்தது. அடைமொழி ஒருபோதும் குறைந்ததில்லை.

பெண் தலைவர்களின் ஊராட்சிகளில் இன்னொரு கூத்து. ஊராட்சிகள் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு பாதி இடம் பெண்களுக்கு. ஊருக்குள் போய் ‘பிரசிடெண்ட் வீடு எது’ என்று கேட்டால், வெளியே வருவது கணவர். அவரை எல்லாரும் பிரசிடெண்ட் என்றே கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார். இதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அதோடு விடுகிறேன்.

சட்டத்தால் மரியாதையை உண்டாக்க முடியாது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சட்டமே வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறார்கள். ஆனாலும் சட்டம் எதுவரை போகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று ஏற்பாடு. ஊழலைத் தடுக்க வந்த விதி. ஒதுக்கீட்டு ஊராட்சிகளில் அதுவே கழுத்துக் கயிறாகிறது. தலைவர் ஒதுக்கீட்டில் வந்தவர், துணைத்தலைவர் ஆதிக்கச் சாதி, அவர் பேனாவை மூடி வைத்துக்கொண்டால் மோட்டார் பழுதுபார்த்த கூலியைக்கூடக் கொடுக்க முடியாது. ‘செக் பவர்’ யாரிடம் என்பதுதான் ஊரில் முதல் கேள்வி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் திருத்தம் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தாழ்த்தப்பட்ட, பழங்குடிச் சமூகத்து ஊராட்சித் தலைவரைக் கடமை செய்ய விடாமல் தடுப்பதே அதன்படி குற்றம். நல்லது. 2020 சுதந்திர தினத்தில் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. சில நாள் கழித்து அதிகாரிகள் வந்து நின்று அவரை ஏற்றவைத்தார்கள். 2022 ஆகஸ்டில், தலைவர்கள் சாதிப் பாகுபாடின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்ய வேண்டும் என்று தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் தன் அலுவலகத்துக் கொடிக்கயிற்றைப் பிடிக்கத் தலைமைச் செயலாளரின் கடிதம் தேவைப்பட்ட வருடம், சுதந்திரத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவு.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், அரசியல் சாசன ஒழுக்கம் இயற்கையாக வருவதில்லை, வளர்க்க வேண்டியது என்றார். கிராமம் குறுகிய மனத்தின் குட்டை என்ற பொருளில் கடுமையாகச் சொன்னதும் அதே உரையில்தான். அதே மாதத்தில் தமிழ்நாட்டுக்காரரான கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தை அவர் மறுக்காமல் ஏற்றுக்கொள்ள, கிராம ஊராட்சி சாசனத்துக்குள் நுழைந்தது. முகப்புரையில் சகோதரத்துவத்தைச் சேர்த்தது அவர் தலைமையிலான வரைவுக் குழு. நேருவின் குறிக்கோள் தீர்மானத்தில் அது இருந்திருக்கவில்லை. கிராமத்தின் மேல் நம்பிக்கை இல்லாதவர் அந்தச் சொல்லின் மேல் நம்பிக்கை வைத்திருந்தது எனக்கு ஆச்சரியம் தருவது. ஒருவேளை, நம்பிக்கை இல்லாத இடத்துக்குத்தான் அது தேவை என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். 2006 அக்டோபரில் நடந்ததை வைத்து அவர் சொன்னதை ஓரளவு பரிசோதிக்க முடியும். அப்போதைய மதுரை ஆட்சியர் உதயச்சந்திரன் பாப்பாபட்டி முதலிய ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போனார், உட்கார்ந்து பேசினார், கேட்டார். தேர்தல் நடந்தது, ஜெயித்தவர்கள் ராஜினாமா செய்யவில்லை. அரசு சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்தது, நிதி கொடுத்தது. 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டிக் கிராம சபையில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். மனது மாறிவிட்டதா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. மனதை எண்ணுவதற்குப் பெட்டி கிடையாது. ஆனால் மனது மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று அந்த ஊர்கள் காட்டின. முதலில் நாற்காலியில் உட்கார வேண்டும். எதிரே இருப்பவர் பல்லைக் கடித்துக்கொண்டாவது அதைப் பார்க்க வேண்டும். ஐந்து வருடம் தினமும் பார்த்தால் கண் பழகும். அந்தப் பழக்கத்தைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. அந்தத் தலைவரின் பாதங்களுக்குள் பயம் புகுந்ததும் பழக்கத்தால்தான்.

எனவேதான் நாற்காலி காலியாக இருக்கும் காலம் எனக்குத் துணைத்தலைவர்களைவிட ஆபத்தாகத் தெரிகிறது. பழக்கம் பிடிப்பதற்கு இடைவெளி இல்லாத தொடர்ச்சி வேண்டும். அதை உடைப்பதில் முதலிடம் எந்தச் சாதிக்கும் அல்ல, மாநில அரசுகளுக்கு. டில்லியில் நின்று மாநில உரிமை, கூட்டாட்சி, பரஸ்பர மரியாதை என்று பேசும் நம் திராவிடக் கட்சிகள் இரண்டும் தங்களுக்குக் கீழே இருக்கும் மன்றத்தை நடத்தும் விதம் அந்தத் துணைத்தலைவர் தன் தலைவரை நடத்தியதிலிருந்து அதிகம் வேறுபடவில்லை. தேர்தலைத் தள்ளிப்போடக் காரணம் எப்போதும் கைவசம் உண்டு: வழக்கு, வார்டு மறுவரையறை, எல்லைச் சீரமைப்பு. பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் கட்டளை. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது, அதுவும் எல்லா மாவட்டங்களுக்கும் அல்ல. மீதி மாவட்டங்கள் 2021 அக்டோபர்வரை காத்திருந்தன. நடுவில் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் தனி அலுவலர்கள். 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. தேர்தல் நடத்தாமல், சட்டத்தைத் திருத்தி, மறுபடியும் தனி அலுவலர்களையே உட்கார வைத்தார்கள்.